பிளஸ் டூ முடித்தவர்கள் கல்லூரி உதவித்தொகையைத் தவறவிடாமல் பெறுவது எப்படி?

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகைத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் தகுதியுள்ள பலருக்குப் பணம் வந்து சேர்வதில்லை. காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: சேர்ந்த சீட்டு திட்டத்துக்குள் வராது, சான்றிதழ்களில் பெயர் ஒத்துப்போகாது, அல்லது வங்கிக் கணக்கு அரசுப் பணத்தை ஏற்காது. பின்னது இரண்டையும் எப்படியாவது சரிசெய்துவிடலாம். முதலாவதைச் சரிசெய்யவே முடியாது. ஆகவே உதவித்தொகை வேலை கல்லூரியில் சேர்ந்த பிறகு தொடங்குவதல்ல, ரிசல்ட் வருவதற்கு முன்பே தொடங்குவது.

கலந்தாய்வுச் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?

பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் பெரிய தொகை தரும் சலுகைகள் எல்லாம் அரசு ஒதுக்கீட்டுச் சீட்டைச் சார்ந்தவை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீடும் அப்படியே. 2020-ல் மருத்துவத்துக்குச் சட்டமாக வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. இதைவிடப் பெரிய உதவி தமிழ்நாட்டில் வேறு இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 8 வரை தனியார் பள்ளியில் ஆர்டிஇ (கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம்) இடத்தில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் உரிமை உண்டு. இடையில் ஓர் ஆண்டு வேறு அரசுப் பள்ளிக்குப் போயிருந்தால் அந்த ஆண்டுக்கான சான்றைத் தேடி எடுக்கச் சில நாட்கள் ஆகும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தலைமை ஆசிரியரிடம் போனஃபைடு (அங்கே படித்ததற்கான) சான்றிதழை மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள்.

கலந்தாய்வுக்கு முன்பே "இப்போதே சேர்ந்தால் கட்டணத்தில் பாதி தள்ளுபடி, ஸ்காலர்ஷிப்பையும் நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று கல்லூரிகளிலிருந்து போன் வரும். அது கல்லூரி நிர்வாகமே நேரடியாகத் தரும் மேனேஜ்மென்ட் சீட்டு. முன்பணம் கட்டிச் சேர்ந்துவிட்டால், பட்டியல் சாதி மாணவருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உட்பட மேலே சொன்னவை எல்லாம் கைநழுவும். அவர்கள் சொல்லும் ஸ்காலர்ஷிப் எந்தத் திட்டம், எந்தத் துறை தருவது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் முன்பணம் கட்டாதீர்கள்.

யாருக்கு எது

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது, 2024 டிசம்பர் இறுதியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் நீண்டது. மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இரண்டுக்கும் வருமான வரம்பு கிடையாது. தொலைநிலைக் கல்வியில் படித்தால் கிடைக்காது. கல்லூரியில் இதற்கென ஒரு நோடல் அலுவலர் இருப்பார். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரைப் பார்த்து, பள்ளியில் உங்களுக்குத் தந்த எமிஸ் (மாணவர் அடையாள) எண்ணைக் கொடுத்து, கல்லூரி மாணவர் விவரங்களைச் சேர்க்கும் யூமிஸ் தளத்தில் உங்கள் பெயர் ஏறியதா என்று கேளுங்கள். யூமிஸ் எண் உருவாகாமல் மாநில அரசின் எந்த உதவித்தொகையும் நகராது.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணத்துடன் பராமரிப்புப் படியும் சேர்ந்தது. பட்டியல் சாதி மாணவருக்கு அந்தப் படி படிப்பைப் பொறுத்து, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு ஆண்டுக்கு 2,500 முதல் 7,000 வரை, விடுதியில் தங்குபவருக்கு 4,000 முதல் 13,500 வரை. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்களுக்கு மாநில அரசு தன் நிதியில் இதைத் தருகிறது.

பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் மாணவர்கள் அரசு அல்லது அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாண்டுப் பட்டப்படிப்புச் சேர்ந்தால் இலவசக் கல்வித் திட்டத்துக்கு வருமான வரம்பே இல்லை. வரம்பு உண்டு என்று நினைத்து விண்ணப்பிக்காமல் விடுபவர்கள் நிறைய. தொழிற்படிப்புக்குத்தான் 2.5 லட்சம் என்ற வரம்பு.

சாதி எதுவானாலும் நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மத்திய அரசின் சிஎஸ்எஸ்எஸ் உதவித்தொகை இருக்கிறது: இளநிலையில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000, நான்காம் ஐந்தாம் ஆண்டு உள்ள படிப்புகளுக்கு அந்த ஆண்டுகளில் 20,000. குடும்ப வருமானம் 4.5 லட்சம் வரை இருக்கலாம். உங்கள் வாரியத்தில் உங்கள் பாடப்பிரிவில் முதல் 20 சதவீதத்தினருக்குள் இருக்க வேண்டும். இது 80 மதிப்பெண் என்ற கணக்கு அல்ல, அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்களுக்குள் உங்கள் இடம் எது என்ற கணக்கு. வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுபவர் இதைப் பெற முடியாது. எது பெரிய தொகை என்று கூட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்பப் பட்டமோ டிப்ளமோவோ சேரும் மாணவிகளுக்குப் பிரகதி, 40 சதவீதமும் அதற்கு மேலும் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்குச் சக்ஷம். இரண்டிலும் ஆண்டுக்கு 50,000 ரூபாய், வருமான வரம்பு 8 லட்சம். பிரகதியை ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம்.

சான்றிதழ்கள்

இ-சேவை மையத்தில் முதலில் கேன் எண் (இ-சேவையில் உங்களுக்கான அடையாள எண்) ஒன்று போடுவார்கள். அதன் பிறகு சாதிச் சான்று ஆர்.இ.வி.-101, வருமானச் சான்று 103, முதல் பட்டதாரிச் சான்று 104. விண்ணப்பம் விஏஓ, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று மேசை மேசையாக நகரும். ரிசல்ட் வந்த வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் போடுவதால் அங்கேதான் தேங்குகிறது. ஏப்ரலில் போட்டால் நிதானமாகக் கிடைக்கும்.

மாதச் சம்பளச் சீட்டு இல்லாத கூலி வேலைக் குடும்பம் என்றால் விஏஓ விசாரித்துத்தான் தொகையை எழுதுவார். ரேஷன் கார்டு, பெற்றோரின் ஆதார், நிலம் இருந்தால் சிட்டா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள். அப்பா இறந்துவிட்டால் அம்மா பெயரில் போட்டு, இறப்புச் சான்றை இணையுங்கள். ஒரே ஆண்டில் கல்விக் கடனுக்கு ஒரு வருமானம், உதவித்தொகைக்கு வேறொரு வருமானம் என்று இரண்டு சான்று வாங்காதீர்கள். சான்றிதழ் எண்ணை வைத்து இரண்டையும் இணையத்தில் சரிபார்த்துவிடலாம்.

முதல் பட்டதாரிச் சான்றுக்குக் குடும்பத்தில் உள்ளவர்களின் கல்வி விவரத்தோடு, பெற்றோரும் மாணவரும் சேர்ந்து கையெழுத்திட்ட உறுதிமொழியும் வேண்டும். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே இதே சலுகையில் படித்திருந்தால் தம்பி தங்கைக்குக் கிடைக்காது. மறைத்து வாங்கினால் பின்னாளில் தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும்.

இனிஷியல் தரும் தலைவலி

மதிப்பெண் பட்டியலில் "செல்வி மு". ஆதாரில் "செல்வி முருகேசன்". வங்கிப் புத்தகத்தில் "மு. செல்வி". ஊருக்கு மூவரும் ஒரே பெண்தான். கணினிக்கு மூன்று பேர். ஆங்கில எழுத்துக்கூட்டில் ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் இதே கதிதான். மதிப்பெண் பட்டியலை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். திருத்தப் படிவத்தில் இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா, புள்ளி இருக்கிறதா என்பதுவரை மதிப்பெண் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதுங்கள். பெயர் மாறிய பிறகு வங்கியில் மீண்டும் கேஒய்சி (அடையாள ஆவணங்கள்) கொடுக்க மறக்கக் கூடாது.

வங்கிக் கணக்கு

கணக்கு மாணவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். ஆதார் நகலை வங்கியில் கொடுத்துவிட்டோம் என்பது போதாது. உதவித்தொகை ஆதார் எண்ணை நோக்கித்தான் அனுப்பப்படுகிறது. அந்த எண் எந்த வங்கியோடு சீடிங் (இணைப்பு) ஆகியிருக்கிறதோ அங்கே போய் விழும். மைஆதார் தளத்தில் உள்நுழைந்து வங்கி சீடிங் நிலையைப் பாருங்கள், வங்கியின் பெயரும் "ஆக்டிவ்" என்ற சொல்லும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கிளைக்குப் போய் "டிபிடி பெறுவதற்கு ஆதார் சீடிங்" (டிபிடி என்பது அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) என்று தெளிவாகச் சொல்லிப் படிவம் கொடுங்கள். இடையில் வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி அங்கே சீடிங் செய்தால், அடுத்த தவணை புதிய கணக்குக்குப் போய்விடும். பணம் வரவில்லை என்று அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய "ஸ்மால் அக்கவுன்ட்" என்றால் இன்னொரு சிக்கல்: இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அரசு நலத்திட்டப் பணம் வரும்போது இருப்பு வரம்பு பார்க்கப்படுவதில்லை என்றாலும், மற்ற வரவுகளுக்கு அது பொருந்தும். முழு கேஒய்சி கொடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

விண்ணப்பமும் சரிபார்ப்பும்

மத்தியத் திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகைத் தளமான என்எஸ்பி. முதலில் ஆதாரை வைத்து ஓடிஆர் என்ற 14 இலக்க எண் பெற வேண்டும். அது படிப்பு முடியும்வரைக்கும் ஒன்றுதான், எழுதி வையுங்கள். பதிவு செய்யும் மொபைல் எண் உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும், பிரவுசிங் சென்டர்காரருடையது வேண்டாம்.

"சப்மிட்" அழுத்தியதோடு வேலை முடியவில்லை. முதலில் கல்லூரியின் நோடல் அலுவலர் சரிபார்க்க வேண்டும், அதன் பிறகு மேல்நிலைச் சரிபார்ப்பு. கல்லூரி தன் கடைசித் தேதிக்குள் சரிபார்க்காவிட்டால், நீங்கள் எல்லாம் சரியாகச் செய்திருந்தும் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அச்சிட்ட விண்ணப்பத்தையும் சான்று நகல்களையும் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பத்து நாளுக்கு ஒரு முறை நிலையைப் பாருங்கள். "டிஃபெக்டிவ்" என்று காட்டினால் தள்ளுபடி ஆகவில்லை, திருத்தச் சொல்லித் திருப்பியிருக்கிறார்கள். குறிப்பைப் படித்து, தேதிக்குள் திருத்தி மறுபடி அனுப்பினால் போதும்.

விண்ணப்பத்துக்குக் கட்டணம் எதுவும் கிடையாது. "உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள், கியூஆர் ஸ்கேன் பண்ணுங்கள்" என்று யார் அழைத்தாலும் மோசடிதான்.

பணம் வரும்வரை, வந்த பிறகு

முதல் தவணை வர மாதங்கள் ஆகலாம். பேருந்துக் கட்டணம், தேர்வுக் கட்டணம், மெஸ் முன்பணம், புத்தகம் ஆகியவற்றுக்கு முதல் செமஸ்டர் முழுவதற்கும் கையிருப்பு தேவை என்று வைத்துத் திட்டமிடுங்கள். உதவித்தொகை வரவில்லை என்று சொல்லி அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்க யுஜிசி, ஏஐசிடிஇ விதிகள் இடம் தரவில்லை.

போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் கல்லூரிக்குரிய கட்டணமும் மாணவர் கணக்குக்கே வருகிறது. இங்கேதான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. வீட்டில் ஒரு மருத்துவச் செலவு, ஒரு கடன் வட்டி, பணம் கரைந்துவிடுகிறது. தேர்வு நெருங்கும்போது ஹால் டிக்கெட் தர மறுக்கிறார்கள். வந்த தொகையில் எது கட்டணம், எது பராமரிப்புப் படி என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுப் பிரித்து, கட்டணத்தை அந்த வாரமே கட்டி ரசீது வாங்குங்கள். படி மட்டும்தான் உங்கள் செலவுக்கு.

அடுத்த ஆண்டு தானாகத் தொடராது, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். சிஎஸ்எஸ்எஸ் தொடர ஆண்டுத் தேர்வில் 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். அரியர் இருப்பவர் புதுப்பிக்க முடியுமா என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறும், இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் நோடல் அலுவலரிடம் கேட்டுவிடுங்கள். புதிய வருமானச் சான்றையும் அதே மாதத்தில் போட்டுவையுங்கள்.