ஹோஸ்டிங் பிளான்களுக்கு விலை வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையிலோ மதுரையிலோ நாலைந்து பேரை வைத்துக்கொண்டு வெப் ஹோஸ்டிங், அதாவது வெப்சைட்டுகளுக்கு சர்வரில் இடம் வாடகைக்கு விடும் தொழில், நடத்தும் சிறிய நிறுவனங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வெளிநாட்டு டேட்டா சென்டரில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் வாடிக்கையாளர் கணக்குகளை நிர்வகிக்கும் சிபேனல் மென்பொருளைப் போட்டு, உள்ளூர்க் கடைகளுக்கும் பள்ளிகளுக்கும் பிரித்து விற்பவர்கள். சர்வர் வேலையில் பெரும்பாலும் கெட்டிக்காரர்கள்தான். சறுக்குவது விலைப்பட்டியலில்.

பெரிய நிறுவனத்தின் விளம்பரத்தைப் பார்த்து, அதைவிடப் பத்து ரூபாய் குறைத்துப் போடுவதில்தான் பலரின் சரிவு தொடங்குகிறது. அங்கே கொட்டை எழுத்தில் இருக்கும் மாத விலை, பல சமயம் மூன்று நான்கு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டுபவருக்கு மட்டும் கிடைப்பது. புதுப்பிக்கும்போது விலை வேறு. முதல் சில வருட நஷ்டத்தைத் தாங்க அவர்களிடம் முதலீட்டாளர் பணம் இருக்கிறது, நம்மிடம் இல்லை.

"வருடம் 999 ரூபாய், ஜிஎஸ்டி உள்பட, டாட் காம் டொமைன் இலவசம்" என்று ஒரு பிளான் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி போக மிஞ்சுவது சுமார் 847 ரூபாய். டாட் காம் பெயர்களின் பதிவேட்டை நடத்தும் வெரிசைன், 2024 செப்டம்பரில் ஒரு பெயருக்கான மொத்த விற்பனை விலையை வருடம் 10.26 டாலராக உயர்த்தியது. டாலரை 85 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 872 ரூபாய் வருகிறது. டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் கட்டணம், பெயரைப் பதிந்துதரும் பதிவாளரின் லாபம், கார்டுக்கு பேமென்ட் கேட்வே பிடிக்கும் இரண்டு சதவீதம் எதையும் இன்னும் சேர்க்கவில்லை. வாடிக்கையாளர் ஒரு ஃபைலைக்கூட ஏற்றவில்லை, அதற்குள் கைநஷ்டம். டொமைனை அடக்க விலைக்கே கொடுங்கள், பரவாயில்லை. ஆனால் பில்லில் தனி வரியாகக் காட்டுங்கள். அடுத்த வருடம் அதன் விலை ஏறினால் பிளான் விலையைத் தொடாமல் அந்த வரியை மட்டும் மாற்றலாம்.

அப்புறம் இந்த "அன்லிமிடெட்". ஓட்டலில் அளவில்லாச் சாப்பாடு கட்டுப்படியாவது, மனித வயிற்றுக்கு ஓர் அளவு இருப்பதால். வெப்சைட்டுக்கு வயிறு கிடையாது. டிஸ்க் அளவில்லை என்று எழுதிவிட்டு, நிபந்தனைகள் பக்கத்தின் அடியில் ஃபைல்களின் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவார்கள். ஒரு துணிக்கடைக்காரர் தன் படங்களையெல்லாம் ஏற்றி அந்த வரம்பில் முட்டி நிற்கும்போது, அவர் கண்ணில் நாம் ஏமாற்றுக்காரர். பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஷேர்டு சர்வரில் முதலில் தீர்ந்துபோவது டிஸ்க் அல்ல, சிபியுவும் மெமரியும். கிளவுட்லினக்ஸ் போன்ற மென்பொருளை வைத்து ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவுதான் என்று கட்டிவைக்க முடியும். கட்டிவைக்கிற எண்ணை விலைப்பட்டியலிலும் போடுவதில் என்ன கூச்சம்? இன்னொன்று: 10 ஜிபி விற்றால் அதன் பேக்கப்புக்கும் இடம் வேண்டும், அதுவும் வேறொரு சர்வரில். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை, செலவு டாலரில் இருக்க விலையை ரூபாயில் பல வருடத்துக்குப் பூட்டுவது. 2019-இல் டாலர் 70 ரூபாய்ப் பக்கம் இருந்தது. 2024 முடியும்போது 85-ஐத் தாண்டிவிட்டது. சர்வர் வாடகை ஒரு சென்ட்கூட ஏறாமலே நம் செலவு ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கும். மற்ற செலவுகள்தான் ஏறாமல் இருந்தனவா என்ன! அதே 2019 செப்டம்பரில்தான் சிபேனல் தன் கணக்கு முறையையே மாற்றியது. அதுவரை ஒரு சர்வருக்கு ஒரே லைசென்ஸ் தொகை. அதில் 50 கணக்கு இருந்தாலும் 500 இருந்தாலும் ஒன்றுதான். மாற்றத்துக்குப் பிறகு கணக்குகளின் எண்ணிக்கையை வைத்துப் படிப்படியாகக் கட்டணம்; 100-க்கு மேல் போனால் ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக. மலிவு விலையில் சின்னச் சின்னக் கணக்குகளாக நிரப்பி வைத்திருந்தவர்களுக்குத்தான் பலத்த அடி. அதற்குப் பிறகும் லைசென்ஸ் விலை பலமுறை ஏறியிருக்கிறது. "லைஃப்டைம் ஹோஸ்டிங்" என்று ஒரே தொகை வாங்கிக்கொண்டவர்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்: வாங்கிய பணம் எப்போதோ செலவாகியிருக்கும், லைசென்ஸ் பில் மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கும். வருடக் கட்டணம் போதும், மிஞ்சினால் இரண்டு வருடம். முன்பணமாக வந்த வருடத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து அந்தந்த மாத வருமானமாக மட்டும் எழுதுங்கள். ஏப்ரலில் வந்த பணத்தில் மே மாதம் லேப்டாப் வாங்கினால் பிப்ரவரி சர்வர் வாடகைக்குத் திண்டாட்டம்தான்.

ரொக்கம் கரையும் இடம் இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு சர்வர் வாடகைக்கு, விற்பவருக்குப் பதில் வாங்குபவரே வரி கட்டும் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் ஜிஎஸ்டியை நாமே கட்ட வேண்டும். உள்ளீட்டு வரியாகப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றாலும் முதலில் கையிலிருந்துதான் போகும்.

சரி, சப்போர்ட். ஒரு சின்னக் கணக்குக்கு ஆகும் டிஸ்க் செலவு சில ரூபாய்கள். அந்தக் கணக்குக்காரர் இரவு பதினொரு மணிக்கு "மெயில் போகலை சார்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டால், பதில் சொல்ல ஒருவருடைய அரை மணி நேரம் வேண்டும். 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் மெயில் அனுப்புவோருக்கான விதிகளை இறுக்கியபின், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் சரியில்லாத டொமைன்களுக்கு இந்தத் தொல்லை கூடிவிட்டது. எனவே பிளான்களை 1 ஜிபி, 2 ஜிபி, 5 ஜிபி என்று எட்டாகப் பிரிப்பது வீண்வேலை என்பேன். இரண்டு அல்லது மூன்று போதும். வித்தியாசம் சப்போர்ட்டில் இருக்கட்டும். கீழ்ப் பிளானுக்கு, எழுத்தில் புகார் பதியும் டிக்கெட் மட்டும், வேலை நேரத்தில் பதில். மேல் பிளானுக்கு போன், பழைய ஹோஸ்டிங்கிலிருந்து மாற்றித் தருவது, மெயில் அமைத்துத் தருவது. உள்ளூரில் தமிழில் பேசி உதவும் ஒருவர் இருக்கிறார் என்பதற்குத்தான் வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறார். அதைப் போய் இலவசமாகக் கொடுத்துவிட்டு டிஸ்க்குக்குக் காசு கேட்கிறோம்!

புதுப்பிக்கும் விலையை மறைப்பது இனி வெறும் நாகரிகக் குறைவாக மட்டும் போய்விடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் ஆன்லைனில் வாங்குபவரை ஏமாற்றும் 13 வகைத் தந்திரங்களைத் தடை செய்கின்றன. கேட்காமலே கார்ட்டில் எதையாவது சேர்ப்பது, கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுவது, சந்தாவை ரத்து செய்ய விடாமல் சுற்றவிடுவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. லெட்ஸ் என்க்ரிப்ட் மூலம் இலவசமாகக் கிடைக்கும், வெப்சைட் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழை முன்கூட்டியே டிக் அடித்துக் காசுக்கு விற்பவர்கள் இதைக் கொஞ்சம் படிக்கலாம்.

விலை ஏற்ற வேண்டியிருந்தால் ஏற்றுங்கள். பழைய வாடிக்கையாளரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது என்று ஐந்து வருடம் தொடாமல் விட்டு, ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதுதான் ஆட்களை விரட்டும். வருடாவருடம் சிறிதளவு, புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லி. தானியங்கிப் பிடித்தத்தை மட்டும் நம்பியிராதீர்கள்: ரிசர்வ் வங்கி விதிப்படி பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்னதாக வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போகும், புதிய தொகையை அவர் முதன்முறை பார்ப்பது அந்த எஸ்எம்எஸ்ஸில் என்றால் அங்கேயே ரத்து செய்துவிடுவார்.