கோடை விடுமுறையில் பிள்ளைகள் அளவுக்கு மீறி எடை போடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

போன வருடம் பள்ளி திறந்த அன்று காலை, என் மகனுக்கு யூனிபார்ம் பேன்ட்டின் கொக்கி மாட்டவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். கண் கலங்கிவிட்டது. பேன்ட்டின் நீளம் சரியாகத்தான் இருந்தது, இடுப்புதான் போதவில்லை.

விடுமுறையில் அவன் அதிகமாகச் சாப்பிட்டதாக எனக்குத் தோன்றவே இல்லை. பிறகு யோசித்தபோதுதான் புரிந்தது. பள்ளி நாட்களில் இன்டர்வெல்லுக்கு ஒரு மணி அடிக்கும், சாப்பாட்டுக்கு ஒரு மணி அடிக்கும். நடுவில் ஆசைப்பட்டாலும் வாயில் எதுவும் போடமுடியாது. விடுமுறையில் அந்த மணி அடிப்பதில்லை, முறுக்கு டின் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால் இந்த வருடம் டயட் எதுவும் வைக்கவில்லை. பள்ளி மணியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நீங்களும் செய்து பாருங்கள்.

முதல் படி: அளந்து வையுங்கள்

செருப்பில்லாமல், குதிகால் சுவரில் படும்படி பிள்ளையை நிற்கவையுங்கள். தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கை மட்டமாக வைத்து, அது சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். எடையைக் காலையில், டாய்லெட் போய்வந்த பிறகு, சாப்பிடும் முன் பாருங்கள். அடுத்த முறையும் அதே மெஷினில் பார்க்க வேண்டும்.

5 வயதிலிருந்து 10 வயதுவரை பிள்ளைகள் வருடத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்வார்கள், 2 முதல் 3 கிலோ கூடுவார்கள். ஆகவே ஒன்றரை மாத விடுமுறையில் அரை கிலோவரை கூடினால் அது வளர்ச்சிதான், பயம் வேண்டாம். இரண்டு கிலோ ஏறினால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் வளரும் பிள்ளையைப் பட்டினி போட்டு இளைக்கவைக்கக் கூடாது. எடை அப்படியே நின்றாலே போதும், உயரம் வந்து ஈடுகட்டிவிடும்.

இரண்டாம் படி: வீட்டில் மணி அடியுங்கள்

காலை 8, முற்பகல் 11, மதியம் 1, மாலை 4.30, இரவு 7.30. எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரம் இவ்வளவுதான். ஒரு தாளில் அவன் கையாலேயே எழுதவைத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். நடுவில் பசி என்றால் தண்ணீர், வெள்ளரிப் பிஞ்சு, நீர் மோர். வேறு எதுவும் இல்லை. முதல் நான்கு நாள் அடம் பிடித்தான். ஐந்தாம் நாளிலிருந்து 4.30 ஆனால் அவனே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

மாலைக்கு அவித்த வேர்க்கடலை, சுண்டல், வெங்காயம் போட்ட பொரி இப்படி ஏதாவது ஒன்று. முறுக்கும் உண்டு, ஆனால் டின்னோடு கொடுக்காமல் தட்டில் இரண்டு வைத்துக் கொடுங்கள்.

மூன்றாம் படி: டம்ளரைக் கவனியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான படி. சோற்றைக் குறைக்கப் பார்ப்போம், டம்ளரை விட்டுவிடுவோம்.

ஒரு காரியம் செய்யுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலின் பின்பக்கத்தைப் பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள். சாதாரணமாக 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் 25 கிராம். டீஸ்பூனுக்கு 5 கிராம் என்று வைத்து, ஐந்து ஸ்பூன் சர்க்கரையை அவன் கையாலேயே ஒரு காலி டம்ளரில் போடவையுங்கள். என் மகன் அடியில் சேர்ந்த அந்த வெள்ளைக் குவியலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “இவ்வளவாம்மா?” என்றான். நான் வேறு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

சேர்க்கும் சர்க்கரையும் ஜூஸில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு 1600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அந்த 5 சதவீதம் என்பது நான்கே ஸ்பூன். காலைப் பாலிலேயே இரண்டு போய்விடுகிறது.

மாம்பழ சீசனில் பழத்தைத் தடுக்காதீர்கள். துண்டு போட்டுக் கொடுங்கள், ஜூஸாக அடித்துச் சர்க்கரை சேர்க்க வேண்டாம். நுங்கு, தர்பூசணி, இளநீர் எல்லாம் நன்று. நீர் மோருக்கு ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர், கொஞ்சம் இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. பானையில் ஊற்றி வைத்துவிட்டால் நாள் முழுக்க அவர்களே எடுத்துக் குடிப்பார்கள்.

நான்காம் படி: வெயிலுக்கு முன்னும் பின்னும் விளையாட்டு

5 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாடும் விளையாட்டு வேண்டும். ஒரே மூச்சில் ஆட வேண்டியதில்லை. காலை 6.30க்கு அரை மணி, மாலை 5க்கு மேல் அரை மணி என்று பிரித்துக்கொள்ளலாம். அக்னி நட்சத்திர நாட்களில் நடுப்பகல் வெயிலில் விடவே விடாதீர்கள். சைக்கிள், ஸ்கிப்பிங், நொண்டி, ஓடிப்பிடித்து எல்லாம் சரிதான். அபார்ட்மென்டில் கூட்டாளி கிடைக்கவில்லையா? முதல் வாரம் நீங்களே இறங்கி ஓடுங்கள். அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தானாக வந்து சேர்வார்கள்.

ஐந்தாம் படி: சாப்பிடும்போது போன் வேண்டாம், தூக்கம் குறையவும் வேண்டாம்

போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

ஊருக்குப் போகும்போது

பாட்டி வீட்டில் இந்த நேரப் பட்டியல் நிற்காது. நிற்கவும் வேண்டாம், பாட்டி கையால் சாப்பிடுவது அந்த வயதில்தான் கிடைக்கும். நான் மாமியாரிடம் கேட்டது ஒன்றுதான்: “அத்தை, பலகாரம் எதுவானாலும் 4.30க்குக் கொடுங்க, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வேண்டாம்.” அவர்களும் மனம் கோணாமல் ஒத்துக்கொண்டார்கள்.

யாரும் பிள்ளையைக் “குண்டு” என்று கூப்பிட விடாதீர்கள், செல்லமாகக்கூட. அந்தச் சொல் பிள்ளையை ஒளித்துவைத்துச் சாப்பிடத்தான் பழக்கும்.

கழுத்தின் பின்புறமோ அக்குளோ வெல்வெட் துணிபோலத் தடித்துக் கறுத்திருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். தூக்கத்தில் தினமும் குறட்டை விட்டாலும், ஓடினால் சட்டென்று மூச்சு முட்டினாலும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது சுவரில் குறித்த உயரத்தையும் எடையையும் தேதியோடு எழுதி எடுத்துப் போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.