ரன்வேக்குள் மூக்கை நீட்டும் முன்: புது கோ-பைலட்டுக்கு

சிமுலேட்டரில் இன்ஜின் தீப்பிடிப்பதை இருபது தடவையாவது பார்த்திருப்பீர்கள். டாக்ஸி போவதை, அதாவது தரையில் விமானத்தை ஓட்டிப்போவதை, யாரும் அவ்வளவு தடவை சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். கேப்டன் ஓட்டுவார், நாம் ரேடியோவில் பேசுவோம், அவ்வளவுதானே என்று தோன்றும். என் வயிறு நிஜமாகவே கலங்கியது அந்த வேலையில்தான். அப்போது விமானம் சைக்கிள் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

நான் வலது இருக்கைக்கு, அதாவது கோ-பைலட்டாக, வந்த முதல் வருடம். மழை இரவு. குறுக்கே இன்னொரு ரன்வே வெட்டும் ஒரு விமான நிலையம், பெயர் வேண்டாம். நாலு நாளாக அதே இடத்தில் அதே அனுமதி: ‘கிராஸ்’, ரன்வேயைத் தாண்டு. ஐந்தாம் நாள் கிரவுண்ட் கன்ட்ரோலர் ‘ஹோல்ட் ஷார்ட்’, ரன்வேக்கு முன்னால் நில், என்றார். நான் ‘கிராஸ்’ என்று திருப்பிச் சொன்னேன். நாக்கு தானாகச் சொன்னது. அந்தப் பக்கமும் யாரும் திருத்தவில்லை. ஃப்ரீக்வென்சியில் சந்தைக்கடை இரைச்சல். கேப்டன் பிரேக்கை மிதித்து, "அவர் என்ன சொன்னார்?" என்றார். "கிராஸ் சார்." "மறுபடி கேளு." கேட்டேன். பதில் வந்து முடியவில்லை, எங்கள் மூக்குக்கு முன்னால் ஒரு விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு இறங்கி ஓடியது. வைப்பர் அந்தத் தண்ணீரைத் துடைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதனால் முதல் பழக்கம்: காதில் விழுந்ததை எழுதுங்கள். முழங்காலில் ஒரு தாள், ஒரு பென்சில் போதும். டாக்ஸி வழியை எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். நினைவிலிருந்து சொன்னால் நேற்றைய அனுமதிதான் வாயில் வரும். ‘ஹோல்ட் ஷார்ட்’ என்ற சொல்லும் ரன்வே எண்ணும் உங்கள் ரீட்பேக்கில், அதாவது திருப்பிச் சொல்வதில், கட்டாயம் இருக்க வேண்டும். ‘கேட்டுக்கொண்டேன்’ என்கிற வெறும் ‘ரோஜர்’ கூடாது.

விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் புஷ்பேக்குக்கு முன்பே விமான நிலைய வரைபடத்தை, சார்ட்டை எடுத்து, போகிற வழியை விரலால் ஓட்டிப் பாருங்கள். குறுக்கே எத்தனை ரன்வே வருகிறது, தப்பு நடக்க வாய்ப்புள்ள ‘ஹாட் ஸ்பாட்’ வட்டம் எங்கே இருக்கிறது என்று கேப்டனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 2023 ஜனவரியில் நியூயார்க் கென்னடியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 777 ஒன்று தாண்ட அனுமதி பெற்றது ‘31 இடது’ ரன்வேயை. தாண்டியது ‘4 இடது’ ரன்வேயை. அந்த நேரத்தில் அந்த ரன்வேயில் டெல்டாவின் 737 டேக்-ஆஃபுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கன்ட்ரோலர் கத்தி நிறுத்தியதால் பிழைத்தார்கள். அந்த 777-இன் ரேடியோவில் தப்பில்லை, திருப்பம்தான் தப்பு. இப்படி நடக்காமல் பார்ப்பது வலது இருக்கையின் வேலை.

ரீட்பேக் சரியாக இருந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள். 2024 ஜனவரி 2, டோக்கியோ ஹனேடா. கடலோரக் காவல்படையின் டேஷ்-8 விமானத்துக்கு வந்த உத்தரவு: ‘நம்பர் ஒன், ஹோல்டிங் பாயின்ட் சி5 வரை டாக்ஸி’. அவர்கள் அதை ஒழுங்காகத் திருப்பிச் சொன்னார்கள். நோட்டோ நிலநடுக்கப் பகுதிக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகும் அவசரம். ‘நம்பர் ஒன்’ என்றால் வரிசையில் முதல் ஆள், அவ்வளவுதான். ஆனால் கேப்டன் மனதில் அது ரன்வேக்குள் போகலாம் என்று பதிந்துவிட்டது. உள்ளே போய் ஏறத்தாழ 40 வினாடி நின்றார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸின் ஏ350 அவர்கள் மேலேயே இறங்கியது. டேஷ்-8-இல் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். எரிந்துகொண்டிருந்த ஏ350-இலிருந்து 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லின் கதை இன்னும் கொடியது. 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரிஃப் தீவு, மூடுபனி. கேஎல்எம் 747-க்குக் கொடுத்தது புறப்பட்ட பின் போக வேண்டிய வழி. அதில் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல் இருந்தது. கேப்டன் ஓட ஆரம்பித்துவிட்டார். ‘காத்திரு, கூப்பிடுகிறேன்’ என்று டவர் சொன்னதும், ‘நாங்கள் இன்னும் ரன்வேயில்தான் இருக்கிறோம்’ என்று அதே ரன்வேயில் இருந்த பான் ஆம் 747 சொன்னதும் ஒரே நேரத்தில் மோதி, காதில் விழுந்தது வெறும் கீச்சொலி. இரண்டு விமானமும் மோதி 583 பேர் போனார்கள். அதனால்தான் அனுமதி தரும்போதும் ரத்து செய்யும்போதும் தவிர அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை, மற்றபடி ‘டிபார்ச்சர்’தான். நீங்களும் அப்படியே பேசுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி கீச்சென்றால், என்ன சொன்னார்கள் என்று ஊகிக்காதீர்கள், கேளுங்கள். சலித்துக்கொள்கிற கன்ட்ரோலர் இருக்கத்தான் செய்வார். சலித்துக்கொள்ளட்டும்.

அப்புறம் கண். தரையில் நாலு மஞ்சள் கோடுகள் வரும்: இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டு வரும் கோடு. முழுக்கோடு உங்கள் பக்கம் என்றால் அனுமதி இல்லாமல் சக்கரம் தாண்டக் கூடாது. விட்டுவிட்டு வருவது உங்கள் பக்கம் என்றால் நீங்கள் ரன்வேயில் இருக்கிறீர்கள், சீக்கிரம் வெளியே போங்கள். பக்கத்தில் சிவப்புப் பலகையில் வெள்ளை எண் நிற்கும். எழுதி வைத்த எண்ணும் அதுவும் ஒன்றுதானா என்று விரலால் காட்டிச் சொல்லுங்கள். குறுக்கே சிவப்பு ஸ்டாப் பார் விளக்கு எரிந்தால், டவர் ‘போ’ என்றாலும் போகாதீர்கள். விளக்கை அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். கோட்டை நெருங்கும்போது கணினியில் எதையும் தட்ட வேண்டாம். இரண்டு தலையும் நிமிர்ந்திருக்க வேண்டும்.

உள்ளே நுழையும் முன் இறங்குகிற பக்கம் திரும்பிப் பாருங்கள். சடங்குக்கு ஒரு பார்வை போதாது. 140 நாட், அதாவது மணிக்கு 140 கடல் மைல், வேகத்தில் வருகிற விமானம் நாலு கடல் மைலை ஒன்றே முக்கால் நிமிடத்தில் முடித்துவிடும். நுழையும்போதே பளிச்பளிச்சென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்கைப் போடுங்கள். இரவில் ரன்வே விளக்குகளுக்கு நடுவே நம் வால் விளக்கு கரைந்துபோகும். 1991-இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு சின்ன விமானத்தை ரன்வேயில் காத்திருக்கச் சொல்லிவிட்டு கன்ட்ரோலர் மறந்துவிட்டார். பின்னால் இறங்கிய 737-இன் விமானிகளுக்கு அது தெரியவே இல்லை. 35 பேர் இறந்தார்கள். ‘லைன் அப் அண்ட் வெயிட்’ (ரன்வேக்குள் வந்து காத்திரு) கிடைத்து 90 வினாடி தாண்டினால் ரேடியோவில் ஞாபகப்படுத்தச் சொல்கிறது அமெரிக்க வழிகாட்டி. பின்னால் யாராவது வருவது காதில் விழுந்தால் நான் அவ்வளவு நேரம்கூடப் பொறுப்பதில்லை.

இறங்குகிற விமானத்தில் இருந்தால் கணக்கு எளிது: முன்னால் ரன்வே காலியாக இல்லையா, ‘கோ-அரவுண்ட்’ (இறங்காமல் மேலே ஏறு) என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். கேப்டன் மூத்தவர், மரியாதை என்பதெல்லாம் ஆயிரம் அடிக்கு மேலே வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே மோதலைத் தவிர்க்கச் சொல்லும் கருவியான டிகாஸ்கூட ஏறு, இறங்கு என்று கட்டளையிடாது. 2024 ஜூன் 8, மும்பையின் 27 ரன்வேயில் ஏர் இந்தியா விமானம் ஓடிக் கிளம்பும்போதே பின்னால் இண்டிகோ தரையைத் தொட்டது. இண்டிகோவுக்கு இறங்க அனுமதி கையில் இருந்தது. அனுமதி இருந்தால் இறங்கியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் ஆஸ்டினில், மூடுபனிக்குள் ஃபெட்எக்ஸ் விமானிகள் யாரும் சொல்லாமலே மேலே இழுத்தார்கள். கீழே கிளம்பிக்கொண்டிருந்த சவுத்வெஸ்டுக்கும் அவர்களுக்கும் 200 அடிகூட இல்லை.

இறங்கியாச்சு, திரும்பியாச்சு, ‘ரன்வே வெக்கேட்டட்’ (ரன்வேயை விட்டு வந்துவிட்டோம்) என்று சொல்ல வாய் துடிக்கும். பொறுங்கள். நீங்கள் மூக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏ320-இன் வால் 37 மீட்டர் நீளத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. அதுவும் மஞ்சள் கோட்டைத் தாண்டட்டும். இறக்கையின் ஃபிளாப்பை மடக்குவது, கேபினுக்குப் பேசுவது, டீ கேட்பது எல்லாம் அப்புறம்.