ட்ராவல் ட்ரெய்லர் பிரேக் தேய்ந்திருக்கிறதா? வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்

காரில் பிரேக் தேய்ந்தால் கிரீச் என்று கத்தி நம்மைக் கூப்பிட்டுவிடும். பின்னால் இழுத்துப்போகும் ட்ராவல் ட்ரெய்லர், அதாவது சக்கரம் வைத்த குட்டி வீடு, வாயே திறக்காது. அதன் பிரேக் பாதி செத்திருந்தாலும் முன்னால் போகும் பிக்கப் ட்ரக் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டே போகும். நீண்ட மலை இறக்கத்தில் ட்ரக் பிரேக் சூடேறி வாசனை வரும்போதுதான் விஷயம் புரியும்.

அமெரிக்காவில் ஓடும் ட்ராவல் ட்ரெய்லர்களில் பெரும்பாலும் மின்சார டிரம் பிரேக்தான் இருக்கும். ட்ரக்கில் உள்ள கன்ட்ரோலர் மின்சாரம் அனுப்பியதும், சக்கரத்தோடு சுற்றும் டிரம் என்ற இரும்புக் கிண்ணத்துக்குள் இருக்கும் மேக்னட் (மின்காந்தம்) அதன் உள்முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. டிரம் அதை இழுக்க, அதோடு சேர்ந்த நெம்புகோல் ஷூ எனப்படும் இரண்டு வளைந்த பிரேக் கட்டைகளையும் அகட்டி டிரம்மில் அழுத்துகிறது. ஆக ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் (உரசும் பட்டை), டிரம், மேக்னட் மூன்றுமே தேயும். பலர் ஷூவை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் முதலில் தேடுவது கிரீஸை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஆண்டுக்கு ஒரு முறை அல்லது 12,000 மைலுக்கு ஒரு முறை வீல் பேரிங்குக்கு கிரீஸ் மாற்றுவோம் அல்லவா, அன்றைக்கே இதையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் டிரம்மைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

தூக்குவது

சமதளத்தில் நிறுத்தி, ட்ரக்கோடு மாட்டியபடியே, தூக்காத பக்கத்துச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். ஜாக்கை ஆக்ஸில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) குழாய்க்கு அடியில் வைக்கக் கூடாது. குழாய் வளைந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேய ஆரம்பிக்கும். ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்துக்கு அடியில் வைத்துத் தூக்கி, ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் கையை நீட்ட வேண்டாம்.

கழற்றும் முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, வீட்டில் யாரையாவது கன்ட்ரோலரின் கை நெம்பை அழுத்தச் சொல்லுங்கள். மேக்னட்டிலிருந்து லேசான ரீங்காரம் கேட்க வேண்டும், சக்கரம் நிற்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் கோளாறு பெரும்பாலும் ஒயரில் இருக்கும்.

டிரம்மைக் கழற்றுவது

சக்கரத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, நடுவிலுள்ள தூசி மூடியைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் சுற்றிச் சுற்றி நெம்புங்கள். நட்டு கழலாமல் பிடித்திருக்கும் காட்டர் பின்னை நிமிர்த்தி எடுத்து, நட்டையும் வாஷரையும் கழற்றி, டிரம்மை நேராக இழுங்கள். வெளிப் பேரிங் மண்ணில் விழாமல் கட்டைவிரலால் பிடித்துக்கொள்ளுங்கள். டிரம் வர மறுத்தால் சுத்தியலைத் தேட வேண்டாம். தேய்ந்த பள்ளத்தில் ஷூ சிக்கியிருக்கும். ஷூக்கள் மாட்டியிருக்கும் பின்தகட்டின் அடியிலுள்ள ரப்பர் மூடியை எடுத்து, ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் நட்சத்திரச் சக்கரத்தைத் தளர்த்தினால் வந்துவிடும்.

கழற்றியதும் செல்போனில் ஒரு படம். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகமூடி போட்டுக்கொண்டு பிரேக் கிளீனர் தெளித்துத் துடையுங்கள்.

எதைப் பார்ப்பது

முதலில் கிரீஸ். என் ட்ரெய்லர் ஆக்ஸிலின் நுனியில் கிரீஸ் நிப்பிள் இருக்கிறது. முதல் வருஷம், 'சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம் போல' என்ற சந்தோஷத்தில் கிரீஸ் துப்பாக்கியால் அடித்து அடித்து உள்ளே தள்ளினேன். கிரீஸ் வெளியே வராமல் தடுக்கும் பின்பக்க சீலைத் தாண்டி அது ஷூ முழுக்க வழிந்திருந்தது. லைனிங் புதுசு மாதிரி தடிமனாக இருந்தும் அந்தச் சக்கரம் பிரேக்கே பிடிக்கவில்லை. கிரீஸ் ஊறிய லைனிங்கைக் கழுவி மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும். கூடவே சீலும் புதிது. ஒரு பக்கம் மாற்றினால் அதே ஆக்ஸிலின் மறுபக்கமும் மாற்றுங்கள். இல்லையென்றால் பிரேக் அடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

அப்புறம் லைனிங். 1/16 அங்குலத்துக்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் ஷூவின் ஆயுள் முடிந்தது. அளவுகோல் தேட வேண்டாம்; அமெரிக்க ஒரு சென்ட் காசின் தடிமனும் ஏறக்குறைய அதேதான். காசைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்பக்க ஷூவின் லைனிங் நீளம் குறைவாகவும் பின்பக்கம் அதிகமாகவும் இருக்கும். அது அமைப்பே அப்படி, யாரும் தப்பாக மாட்டிவிடவில்லை.

மேக்னட்டின் முகத்தில் ஒரு நேரான அடிக்கோலின் விளிம்பை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருந்தாலோ செப்புச் சுருள் எட்டிப் பார்த்தாலோ மாற்றிவிடுங்கள். 10, 12 அங்குல விட்டமுள்ள டிரம்மின் மேக்னட்டில் இரண்டு ஒயர்களையும் பிரித்து மல்டிமீட்டர் வைத்தால் சுமார் 3.2 ஓம் காட்ட வேண்டும். சுழியத்துக்குப் பக்கத்தில் காட்டினால் உள்ளே ஷார்ட்.

டிரம்மின் உட்புறத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் பட்டறையில் கடைசல் போடக் கொடுக்கலாம். ஆனால் 10 அங்குல டிரம் 10.090 அங்குலத்தையும், 12 அங்குல டிரம் 12.090-ஐயும் தாண்டினால் புது டிரம்தான்.

மாட்டுவது

டிரம்மைச் சுற்றிக்கொண்டே நடு நட்டை 50 அடி-பவுண்டு வரை முறுக்கி, தளர்த்தி, பிறகு விரலால் மட்டும் இறுக்கிப் புதுக் காட்டர் பின் போடுங்கள். பழைய பின்னுக்கு ஆசைப்படாதீர்கள். இந்த அளவு டெக்ஸ்டர் நிறுவனத்தின் ஆக்ஸிலுக்கு. உங்களுடையது வேறு என்றால் அதன் கையேட்டைப் பாருங்கள்.

இனி ஷூவின் இடைவெளி. தானாகச் சரிசெய்துகொள்ளும் பிரேக் இல்லையென்றால் 3,000 மைலுக்கு ஒரு முறை இதை நாம்தான் செய்ய வேண்டும். பின்தகட்டின் துளை வழியே நட்சத்திரச் சக்கரத்தைத் திருப்பி, டிரம்மைக் கையால் சுற்றவே முடியாத அளவுக்கு இறுக்குங்கள். பிறகு லேசான உரசலோடு சுற்றும் வரை தளர்த்துங்கள். சக்கரத்தை எப்போதும் முன்னோக்கியே சுற்றுங்கள்.

வீல் நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரென்ச் வைத்து முறுக்குங்கள். சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி பார்க்க வேண்டும்.

கடைசியாக, காலி மைதானத்தில் மணிக்கு 20 மைல் வேகத்தில் ட்ரக் பிரேக்கைத் தொடாமல் கை நெம்பை மட்டும் அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது தெரிய வேண்டும். சில முறை இப்படி நிறுத்திவிட்டு இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே கையை நீட்டிப் பாருங்கள். மூன்று சூடாகவும் ஒன்று மட்டும் சில்லென்றும் இருந்தால், மன்னிக்கவும், அந்தச் சக்கரத்தை மறுபடி கழற்றத்தான் வேண்டும்.