மசாலா குக்கீயின் வடிவம் ஏன் கெடுகிறது, ஐசிங் ஏன் வழிகிறது?

சுக்கும் பட்டையும் மணக்கும் பண்டிகை குக்கீ, வெட்டிய வடிவம் மாறாமல் வெந்து வர வேண்டும். நட்சத்திரத்தின் முனைகள் மழுங்கிப்போனால் பலரும் ஓவனைத்தான் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் தவறு அதற்கு முன்பே, மாவு பிசையும்போதே நடந்திருக்கும்.

நம்பிச் செய்யக்கூடிய அளவு இது: மைதா 375 கிராம், பேக்கிங் சோடா முக்கால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், சுக்குப்பொடி 2 டீஸ்பூன், பட்டைப்பொடி ஒன்றரை டீஸ்பூன், கிராம்பு, ஜாதிக்காய்ப் பொடிகள் கால் டீஸ்பூன் வீதம், வெண்ணெய் 115 கிராம், பிரவுன் சுகர் 110 கிராம், முட்டை 1, மொலாசஸ் (கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரிய பாகு) 160 கிராம்.

மைதாவைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். தளர்வாக நிரப்பிய ஒரு கப் 125 கிராம்தான். பைக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் அதுவே 150 கிராமைத் தாண்டும். மூன்று கப்பில் 75 கிராம் கூடிவிட்டால், தேய்க்கும்போது மாவு விரிசல் விடும், குக்கீ வறண்டு கடினமாகும். சோடாவிலும் தாராளம் கூடாது. மொலாசஸின் புளிப்போடு வினைபுரியும் அளவுக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும், குக்கீ பரந்தும்விடும். கிராம்பு இன்னும் கறாரானது. அரை டீஸ்பூன் ஆனாலே மற்ற மணங்களை அமுக்கிவிடும்.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. உருகத் தொடங்கிய வெண்ணெய் ஓவனுக்குள் போனதும் மாவு இறுகுமுன் ஓடிவிடும். சர்க்கரையோடு சேர்த்து நுரைக்க நுரைக்க அடிப்பதும் தவறு. கேக்குக்குத் தேவைப்படும் காற்று இங்கே ஓரங்களை உப்பவைத்துக் கெடுக்கும். இரண்டும் கலந்தால் போதும்.

பிசைந்த மாவு ஒட்டுகிறதே என்று மைதா தூவிக்கொண்டே போகாதீர்கள். இந்த மாவு ஒட்டத்தான் செய்யும். இரண்டு தட்டையான வட்டங்களாக்கி, மூடி, ஃப்ரிட்ஜில் 2 மணி நேரம் வைத்தால் இறுகிவிடும். பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே 6 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீராகத் தேயுங்கள். வெட்டிய துண்டுகளை ட்ரேயோடு இன்னொரு 15 நிமிடம் குளிர வைப்பதைத்தான் அதிகம் பேர் தவிர்க்கிறார்கள். வடிவத்தைக் காப்பதே அந்தக் கால் மணி நேரம்தான். முதல் தடவை வெந்து வந்த சூடான ட்ரேயில் அடுத்த மாவை அடுக்கினால் குளிரவைத்த பலன் முழுதும் போய்விடும்.

ஒரே ட்ரேயில் பெரியதும் சிறியதுமாக வைக்காதீர்கள், சிறியவை கருகிவிடும். 175 டிகிரி செல்சியஸில், 8 செ.மீ. அளவுள்ளவை 9 முதல் 10 நிமிடத்தில் வெந்துவிடும். மாவே பழுப்பு என்பதால் நிறத்தை வைத்துப் பதம் பார்க்க முடியாது. ஓரம் தொட்டால் உறுதியாக இருக்க வேண்டும், நடுப்பகுதி லேசான மென்மையோடு இருக்கலாம். ஆறும்போது அது இறுகும். முழுக்கக் கெட்டியாகும்வரை ஓவனிலேயே விட்டால் மறுநாள் பல்லுக்கு வேலைதான். மொலாசஸுக்குப் பதில் தேன் ஊற்றியிருந்தால் சீக்கிரம் சிவக்கும். சூட்டை 10 டிகிரி குறையுங்கள்.

அடுத்து ராயல் ஐசிங், அதாவது காய்ந்ததும் கெட்டியாகும் சர்க்கரைப் பூச்சு. சலித்த ஐசிங் சுகர் 225 கிராம், மெரிங்கு பவுடர் (உலர்ந்த முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த பொடி) ஒன்றரை டேபிள்ஸ்பூன், தண்ணீர் இரண்டரை டேபிள்ஸ்பூன். பச்சை முட்டையின் வெள்ளைக்கருவில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. அதனால் இந்தப் பவுடரோ, பாஸ்டுரைஸ் செய்த (மிதமாகச் சூடாக்கிக் கிருமி நீக்கிய) வெள்ளைக்கருவோதான் நல்லது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஐசிங் நுரைத்து நிற்காது. அதிவேகத்தில் நெடுநேரம் அடித்தால் காற்றுக்குமிழ் ஏறி, காய்ந்ததும் பொருபொருவென்று உதிரும்.

ஒரே பதத்தில் எல்லா வேலையையும் முடிக்கப் பார்ப்பதுதான் அலங்காரத்தில் நடக்கும் பெரிய பிழை. ஓரக் கோட்டுக்குப் பற்பசை போன்ற கெட்டி வேண்டும். உள்ளே நிரப்ப, கத்தியால் கீறிய கோடு 10 முதல் 15 நொடிக்குள் மறைய வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் கரை தாண்டி வழியும், காய்ந்தபின் குழியும் விழும். தண்ணீரை அரை டீஸ்பூன் அரை டீஸ்பூனாகச் சேருங்கள். மிஞ்சிவிட்டால் ஐசிங் சுகர் சேர்த்துச் சரிசெய்யலாம். நீர்த்த கலருக்குப் பதில் ஜெல் கலர் போட்டால் பதம் மாறாது. சில மணி நேரத்தில் நிறம் தானே அடர்வதால், நினைத்ததைவிட ஒரு படி வெளிறலாகவே கலக்குங்கள்.

குக்கீ அடிப்பக்கம் வரை ஆறாமல் ஐசிங்கைத் தொடவே வேண்டாம், உருகி ஓடும். சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வர வேண்டுமானால் முதல் நிறம் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது, இல்லையென்றால் சாயம் கசியும். அலங்கரித்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் வெளியே எடுக்கும்போது நீர் பூத்து நிறம் கலங்கும். அறையிலேயே, மின்விசிறிக் காற்றில், இரவு முழுக்கக் காய விடுங்கள். பிறகு அடுக்குக்கு ஒரு பட்டர் பேப்பர் இட்டுக் காற்றுப்புகாத டப்பாவில் போடலாம்.