வளைகுடாவுக்கு வரும் குமரி மாவட்டத்தாருக்கு: மாத்திரையின் மூலப்பெயரைத் தெரிந்து வாருங்கள்

சுகருக்கோ பிரஷருக்கோ தினமும் மாத்திரை எடுப்பவரா நீங்கள்? அப்படியானால் விசா, டிக்கெட் எல்லாம் கைக்கு வந்ததும் அடுத்து பார்க்க வேண்டியது மாத்திரை அட்டையின் பின்பக்கம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ "அண்ணாச்சி, வழக்கமா வாங்குற பிரஷர் மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்டால் போதும், எடுத்துத் தந்துவிடுவார். துபாயிலும் தம்மாமிலும் அது நடக்காது. நான் இங்கே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நம்ம ஊர்க்காரர்கள் காலியான அட்டைத் துண்டை நீட்டிவிட்டுத் தவிப்பதை அடிக்கடி பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எந்த மருந்துக்கும் குறைந்தது இரண்டு பெயர் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். மூலப்பெயர், ஜெனரிக் பெயர் என்பார்கள். மற்றது கம்பெனி வைக்கும் பிராண்ட் பெயர். பாரசிட்டமால் என்பது மருந்து. ஊரில் அதை டோலோ, குரோசின், கால்பால் என்று வாங்குகிறோம்; இங்கே பனடால், அடால் என்று விற்கிறார்கள். ஊரின் கிளைகோமெட்டும் இங்குள்ள குளூக்கோஃபேஜும் மெட்ஃபார்மின்தான். டெல்மா, மைக்கார்டிஸ் இரண்டிலும் இருப்பது டெல்மிசார்டான். மூலப்பெயர் நாட்டுக்கு நாடு மாறக்கூடாது என்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 1950இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கி, 1953இல் முதல் பட்டியலை வெளியிட்டது. அமெரிக்கா போகிறவர்கள் மட்டும் சில பெயர்களைத் தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே பாரசிட்டமால் அசிட்டமினோஃபென், வீசிங்குக்கு இழுக்கும் சால்பூட்டமால் அல்பியூட்டரால்.

இது தெரியாவிட்டால் என்ன ஆகும்? காய்ச்சலுக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோ 650 போடுகிறார்கள். சளியும் சேர்ந்திருக்கிறதே என்று இங்கே ஒரு சளி மாத்திரை வாங்குகிறார்கள். அறைத்தோழர் உடம்பு வலிக்கு இன்னொன்று தருகிறார். மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கலாம். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம் ஆகிவிடும். அதைத் தாண்டினால் ஈரல் கெடும், கெடுவது முதல் நாளிலேயே வெளியே தெரியாது. குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வந்து மீன்பிடிப் படகில் வேலை செய்யும் தம்பிகள் இதை முக்கியமாக மனதில் வைக்க வேண்டும். கடலில் நாள்கணக்காகக் கிடக்கும்போது கேட்க ஆள் கிடையாது, பையில் இருப்பதைத்தான் போடுவீர்கள். கரையில் இருக்கும்போதே ஒவ்வொரு அட்டையிலும் உள்ளே என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று பேனாவால் எழுதி வையுங்கள்.

பிராண்ட் பெயர் ஒன்றாக இருந்தால் மருந்தும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ளோமேக்ஸ் என்பது அமெரிக்காவில் புராஸ்டேட் தொல்லைக்கான மருந்து, அதே பெயரில் இத்தாலியில் விற்றது வீக்கத்துக்கான வேறு மருந்து.

மூலப்பெயரின் வால் பகுதியைப் பார்த்தால் மருந்து எந்தக் குடும்பம் என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். டெல்மிசார்டான், லோசார்டான் என்று 'சார்டான்' வந்தால் பிரஷர் மருந்து. 'ஸ்டாட்டின்' கொலஸ்ட்ராலுக்கு, 'பிரசோல்' வயிற்று அமிலத்துக்கு, 'கிளிப்டின்' சுகருக்கு. அமாக்சிசிலின் போல 'சிலின்' என்று முடிந்தால் பென்சிலின் குடும்பம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் இந்த ஒரு வாலை மறக்கவே கூடாது. டாக்டரிடம் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், சட்டம் மருந்துகளைப் பிரிக்கும் விதம். சீட்டு இல்லாமல் கிடைப்பவை, சீட்டு வேண்டியவை, கட்டுப்பாட்டில் உள்ளவை என்று எல்லா நாட்டிலும் பிரிவு உண்டு. ஆனால் கோடு எங்கே என்பது நாட்டுக்கு நாடு மாறும். டிரமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, அல்பிரசோலம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள், நரம்பு வலிக்கு எழுதும் ப்ரீகாபலின் எல்லாம் அமீரகத்தில் கடும் கட்டுப்பாட்டில் இருப்பவை. அங்கே இவற்றைக் கொண்டுபோக, புறப்படும் முன்பே அந்நாட்டு அரசின் அனுமதியை ஆன்லைனில் வாங்க வேண்டும். இந்திய அட்டையில் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துக்கு இடது மூலையில் சிவப்பில் என்ஆர்எக்ஸ் என்று போட்டிருப்பார்கள். அந்தக் குறி இல்லையே என்று ப்ரீகாபலினைத் தைரியமாகப் பையில் போட்டு விடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் "எங்க மவனுக்குக் கொஞ்சம் மருந்து" என்று தரும் பொட்டலத்தையும், பிரித்துப் பார்க்காமல், சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும்போது பை உங்கள் பெயரில்தான் போகும்.

அம்மாமார் கொடுத்துவிடும் தசமூலாரிஷ்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அரிஷ்டம் புளிக்க வைத்துச் செய்வது, அதனால் அதில் ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது. மது தடையுள்ள குவைத்துக்கு அது வேண்டாம். கசகசாவும் அமீரகத்தில் தடை. மசாலாப் பொட்டலத்தில் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஊரில் இரண்டு மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் சேர்த்து விற்பது அதிகம். அதே சேர்க்கை வெளிநாட்டில் கிடைக்காமல் போகலாம். அப்போது டாக்டர் தனித்தனியாக எழுதுவார், மாத்திரையின் எண்ணிக்கை கூடும். நோய் கூடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் மாத்திரை. கடிக்கவோ பொடிக்கவோ கூடாது, சாதா மாத்திரைக்குப் பதிலாக நீங்களாகவே மாற்றிப் போடவும் கூடாது.

ஊரை விட்டுக் கிளம்பும்போது கடையில் வெட்டின துண்டுகளாக இல்லாமல் முழு அட்டையாக, டப்பாவோடு வாங்குங்கள். டாக்டரிடம் மூலப்பெயரில், ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் காட்டுபவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம். மருந்து, சீட்டு, பில் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினை லக்கேஜில் போடாதீர்கள், உறைந்துபோனால் அது பயன்படாது.