மலிவான வில்லுக்கத்தி: வாங்கும் முறையும் தீட்டும் முறையும்

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிய ஒரு மடக்குக் கத்தி வேண்டுமென்றால் விலை கூடியதைத் தேடாதீர்கள். அது அலுமாரிக்குள்தான் இருக்கும். கீறல் விழுந்துவிடுமோ என்று ஒரு பனங்கிழங்கு சீவக்கூட எடுக்க மனம் வராது. இரண்டு பேர் கொத்து ரொட்டி சாப்பிடும் காசுக்குள் அடங்கும் வில்லுக்கத்தியைத் துணிந்து கல்லில் வைக்கலாம். தீட்டத் தெரிந்தவர் கையில் அதுவும் நன்றாக வெட்டும்.

முதலாவது: தெரிவு

ஏழு சென்ரிமீற்றர் அலகு தாராளம். நகத்தால் இழுத்துத் திறக்கும் சாதாரணக் கத்தியே நல்லது. பொத்தானை அமர்த்தினால் பாய்ந்து திறப்பது, இரு பக்கமும் கூரானது, கறுப்புப் பூச்சும் பல்லுமாக இருப்பது எல்லாம் கடைக் கண்ணாடிப் பெட்டியில் முன்வரிசையில் மின்னும். மாம்பழத்தை யாரும் பயமுறுத்தி வெட்டுவதில்லை, விட்டுவிடுங்கள்.

சீனக் கத்திகள் சிலவற்றில் ‘3சிஆர்13’, ‘8சிஆர்13’ என்று உருக்கின் வகை பொறித்திருக்கும். முன்னால் உள்ள எண் கரியின் (காபன்) அளவு: ஏறத்தாழ 0.3 சதவீதம், 0.8 சதவீதம். பின்னால் உள்ளது குரோமியம், 13 சதவீதம். கரி கூடினால் கூர் நீண்ட நாள் நிற்கும். குறைந்தால் சீக்கிரம் மழுங்கும், ஆனால் தீட்டுவது எளிது. பழகுபவருக்குக் கரி குறைந்த வகை ஒன்றும் மோசமில்லை.

பாரிஸிலிருந்து உறவினர் யாராவது வருகிறார்களா? சொக்லேற்றுக்குப் பதிலாக ஒப்பினெல் 8ஆம் இலக்கக் கத்தியைக் கேளுங்கள். பிரான்சின் சவோய் மலைநாட்டில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்தி அது; அங்கே கமக்காரர் பையில் கிடந்த சாமான். அலகு 8.5 சென்ரிமீற்றர். கழுத்திலுள்ள வளையத்தைத் திருகினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல் வந்தது. ‘இனொக்ஸ்’ என்று பொறித்த துருப்பிடிக்காத வகையையே கேளுங்கள். மற்றது நம் கடற்காற்றுக்கு இரண்டு நாளில் கறள் கட்டும். பெட்டிக்குள் வைத்து அனுப்பச் சொல்லவும் மறக்காதீர்கள்; கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தோடு சரி.

இரண்டாவது: கடையில் சோதனை

திறந்த அலகை இரு விரலால் பிடித்து இடமும் வலமும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். மடக்கியபின் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் வேண்டாம். சட்டைப் பையைத் துளைத்துத் தொடையில் ஏறும். கூர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அது நம் வேலை.

மூன்றாவது: தீட்டுதல்

ஹாட்வெயார் கடையில் இரு பக்கமும் உள்ள சாணைக்கல் கேளுங்கள்: ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் மென்மை. ஈரத்துணியை விரித்து அதன்மேல் கல்லை வைத்து, தண்ணீர் தெளியுங்கள்.

கத்தியைக் கல்லின்மேல் செங்குத்தாகப் பிடியுங்கள். அது 90 பாகை. பாதி சரித்தால் 45. அதிலும் பாதி, அவ்வளவுதான் சரிவு. கல்லின் மேற்பரப்பை மெல்லியதாகச் சீவி எடுப்பதுபோல, கூர்ப்பக்கம் முன்னே போக, அடியிலிருந்து நுனிவரை தள்ளுங்கள். அமர்த்த வேண்டாம். வேகமும் வேண்டாம்; சரிவு மாறாமல் இருந்தால் போதும்.

ஒரு பக்கத்தை மட்டும் தொடர்ந்து தீட்டுங்கள். எப்போது நிறுத்துவது? பெருவிரலை அலகின் முதுகிலிருந்து கூரை நோக்கிக் குறுக்காக, வெளியே வழுக்கிப் போகுமாறு தடவுங்கள். தீட்டாத பக்கத்தில் மிக நுண்ணிய பிசிறு ஒன்று தோலில் தட்டுப்படும். அடியிலிருந்து நுனிவரை அது தட்டுப்பட்டால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. தொடங்குபவர்களில் பலர் பிசிறு எழும்புமுன் கத்தியைத் திருப்பிவிடுவார்கள்; பிறகு கல் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார்கள்.

மறுபக்கமும் அப்படியே. பின்பு மென்மையான பக்கத்தில் மாறி மாறி, கை அழுத்தமே இல்லாமல். கடைசியில் பழைய தோல் இடுப்புப்பட்டியின் உட்புறத்தில் கூர் பின்னால் வர இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். பழைய உதயன் பத்திரிகைத் தாளொன்றைத் தொங்கப் பிடித்து வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வழுக்கி இறங்க வேண்டும்.

அவசரத்துக்குப் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் இல்லாத வளையம் இருக்கும். அதுவும் நல்ல சாணைதான்.

நான்காவது: பாவனையும் பராமரிப்பும்

பூட்டில்லாத கத்தியால் குத்தவோ நெம்பவோ கூடாது, விரல்மேல் மடங்கும். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டினால் சாறு காயுமுன் கழுவித் துடைத்துவிடுங்கள். மூட்டில் ஒரு துளி தையல் மெசின் எண்ணெய், அலகில் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு.

கோயில், நீதிமன்றம், கூட்டம் கூடும் இடம் எதற்கும் கொண்டுபோக வேண்டாம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வீட்டிலேயே இருக்கட்டும். வேறு நாளில் பொலிஸார் பையைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டால், கையில் இருக்கும் மாம்பழப் பையோ கட்டுக்கயிறோ நல்ல பதில்.